கப்பல் செலுத்தாத கடலோடி: போர்த்துக்கீச இளவரசர் ஹென்றி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹென்றி என்பவர் யார்?

போர்த்துக்கல் அரசர் முதலாம் ஜுவாவுக்கும், இங்கிலாந்தின் லங்காஸ்டர் குடும்பத்தில் பிறந்த அரசி பிலிப்பாவுக்கும் மகனாக 1394 மார்ச் 4 அன்று போர்த்தோ நகரில் பிறந்தவர். பிழைத்து வளர்ந்த ஆண்மக்களில் அவர் மூன்றாமவர். மூத்தவரான துவார்த்தே அரியணைக்கு உரியவர். அடுத்தவரான பேத்ரோ ஐரோப்பிய அரசவைகளைச் சுற்றிவந்த கல்விமான். ஒரு அரசருக்கு மகனாகவும், அடுத்த அரசருக்குத் தம்பியாகவும், அதற்கடுத்த அரசரான ஐந்தாம் அஃபோன்சோவுக்குச் சிற்றப்பாவாகவும் வாழ்ந்த ஹென்றி, தாம் ஒருபோதும் அரசராகவில்லை. மணம் செய்துகொள்ளவும் இல்லை. 1460 நவம்பர் 13 அன்று, தென்மேற்குக் கோடியிலுள்ள சாக்ரெஸில் இறந்தார்.

‘ஹென்றி’ என்பது ஆங்கில வழியாக நம்மிடம் வந்த பெயர். அவருடைய நாட்டில் அவர் ‘இன்ஃபாந்தே டோம் என்ரிக்கே’. ‘இன்ஃபாந்தே’ என்பது அரசரின் மகனைக் குறிக்கும் பட்டம்.

அவர் உண்மையிலேயே கடலோடியா?

இல்லை. 1415 முதல் 1458 வரை சில முறை படையோடு ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து மொரோக்கோவின் வடகரைக்குப் போய்வந்தார் என்பதே அவருடைய கடற்பயணத்தின் எல்லை. அவர் அனுப்பிய கப்பல்கள் கண்ட கரைகளில் ஒன்றையும் அவர் தம் கண்ணால் கண்டதில்லை. ‘கடலோடி’ என்ற அடைமொழி அவர் காலத்தில் வழங்கியதும் அன்று. அது 19-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் சூட்டியது. ரிச்சர்ட் ஹென்றி மேஜர் 1868-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்குப் பின் ஆங்கில உலகில் அது நிலைத்துவிட்டது. போர்த்துக்கீசியர் இன்றும் அவரைப் பெரும்பாலும் ‘இன்ஃபாந்தே’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

அவருக்குப் பொருந்தும் சொல் ‘புரவலர்’. ஆனால் புரவலர் என்றதும் பாடிய புலவருக்குப் பொற்காசு கொடுத்த வள்ளலை நினைத்துக்கொள்ள வேண்டாம். கப்பலுக்குப் பணம் போட்டு, தலைவனைத் தேர்ந்து, வெறுங்கையோடு வந்தவனை மறுபடியும் அனுப்பி, வந்த சரக்கில் தமக்குரிய பங்கை எண்ணி வாங்கிக்கொண்டவர் அவர்.

எதனால் அவர் ஆப்பிரிக்கக் கரையின் பக்கம் திரும்பினார்?

தொடக்கம் செயூத்தா. ஜிப்ரால்டர் நீரிணையின் ஆப்பிரிக்கப் பக்கத்தில் இருந்த அந்த வணிக நகரை 1415 ஆகஸ்ட் 21 அன்று போர்த்துக்கல் கைப்பற்றியது. புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன் தாய் பிலிப்பா கொள்ளைநோயில் இறந்திருந்தார். ஆயினும் படையெடுப்பு நிற்கவில்லை. 21 வயது ஹென்றிக்கு அந்தப் போர் ‘நைட்’ என்ற வீரப்பட்டத்தையும், வீசேயூ கோமகன் என்ற பட்டத்தையும் தந்தது. சகாராவைத் தாண்டி ஒட்டகங்களில் வரும் தங்கத்தைப் பற்றிய அறிவையும் அங்கேதான் நெருக்கமாகப் பெற்றிருக்க வேண்டும். நகரைப் பிடித்தவுடன் வணிகர்கள் தங்கத்தை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். பாலைவனத்தின் வழியே வரும் தங்கத்தை மறிக்க முடியாவிட்டால், அது புறப்படும் இடத்துக்கே கடல்வழியாகப் போய்விடலாம் என்ற கணக்கு இங்கிருந்து எழுந்தது எனலாம்.

அரசவை வரலாற்றாசிரியரான கோமெஸ் எயானெஸ் த சுராரா, இளவரசரை அறிந்தவர். ஹென்றி கப்பல் அனுப்பியதற்கு அவர் ஐந்து காரணங்களை வரிசைப்படுத்துகிறார்: கனாரித் தீவுகளுக்கும் ஆப்பிரிக்க மேற்குக் கரையிலுள்ள பொஜடோர் முனைக்கும் அப்பால் என்ன உள்ளது என அறிதல், அங்கே கிறிஸ்தவர் இருந்தால் வணிகம் செய்தல், முஸ்லிம் அரசுகளின் வலிமை எதுவரை பரவியுள்ளது என அளத்தல், போரில் துணைவரக்கூடிய கிறிஸ்தவ அரசர் எவரேனும் உண்டா எனத் தேடல், மதத்தைப் பரப்பல். அதற்கும் மேலாக ஆறாவது ஒன்றைச் சொல்லி, மற்ற ஐந்துக்கும் அதுவே வேர் என்கிறார். அது ஜாதகம். இளவரசருக்கு மேஷ லக்கினம். லக்கினாதிபதியான செவ்வாய் பதினோராம் வீட்டில், சனியின் வீடாகிய கும்பத்தில் நிற்கிறான். ஆகவே மறைந்தவற்றைத் தேடிச் சென்று வெல்லும் பெருமுயற்சிகள் அவருக்கு விதிக்கப்பட்டவை என்பது அவர் வாதம். பதினோராம் வீடு அவர்களுக்கு ‘நம்பிக்கையின் வீடு’. நம் சோதிடருக்கு அது லாப ஸ்தானம். இளவரசரின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் நம் சோதிடர் சொல்வதும் தவறில்லை என்று தோன்றும்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?

முதன்மையான ஊற்று கிறிஸ்து சபை. டெம்ப்ளர் என்ற படைத்துறவியர் அமைப்பு கலைக்கப்பட்டபோது, போர்த்துக்கல்லில் அதற்கிருந்த நிலங்களையும் வருவாயையும் ஏற்று 1319-இல் அமைக்கப்பட்ட சபை இது. தோமார் நகரிலுள்ள கோட்டை அதன் தலைமையிடமானது. 1420-இல் ஹென்றி அதன் ஆளுநராக அமர்த்தப்பட்டார். பிற்காலத்தில் போர்த்துக்கீசக் கப்பல்களின் பாய்களில் காணப்பட்ட செஞ்சிலுவை இந்தச் சபையின் சின்னமே.

அதற்கு அடுத்தவை அரசர் கொடுத்த ஏகபோக உரிமைகள்: சோப்புத் தயாரிப்பு, தென்கரையில் சூரை மீன்பிடிப்பு, புதிதாகக் குடியேறிய தீவுகளின் வரி. 1443-இல், சிறுவனான அரசர் அஃபோன்சோவின் சார்பில் ஆட்சி நடத்திய அண்ணன் பேத்ரோ, இன்னும் பெரிய உரிமை ஒன்றை வழங்கினார். இளவரசரின் அனுமதியின்றி எந்தப் போர்த்துக்கீசக் கப்பலும் பொஜடோர் முனையைத் தாண்டக்கூடாது. வரும் சரக்கில் அரசருக்குச் சேரவேண்டிய ஐந்தில் ஒரு பங்கு அவருக்கே சேரும். அதன்பின் பல பயணங்களுக்கு வணிகர்களும் அவருடைய பரிவாரத்து வீரர்களும் தம் செலவிலேயே கப்பல் கட்டிப் போனார்கள். அவர் உரிமம் கொடுத்துப் பங்கு பெற்றார். இத்தனையும் இருந்தும் அவர் இறந்தபோது பெருங்கடன் எஞ்சியிருந்தது.

மடீராத் தீவு அவர் கண்டுபிடித்ததா?

அத்தீவுக்கூட்டம் அதற்கு முன்பே 14-ஆம் நூற்றாண்டு வரைபடங்களில் இடம்பெற்றிருந்தது. ஹென்றியின் பரிவாரத்தைச் சேர்ந்த ஜுவாவ் கொன்சால்வெஸ் ஸார்கோவும் திரிஸ்தாவ் வாஸும் 1419–20 அளவில் அங்கே சேர்ந்ததும், ஆளற்ற அத்தீவுகளில் நிலையான குடியேற்றத்தைத் தொடங்கியதும்தான் புதியவை. ‘மடீரா’ என்றால் மரம். காடு அடர்ந்திருந்ததால் அந்தப் பெயர். காட்டை அழித்துக் கோதுமையும், பின்னர் கரும்பும் திராட்சையும் பயிரிட்டார்கள். 1452-இல் அங்கே கரும்பாலை அமைக்க ஹென்றியே ஒப்பந்தம் செய்தார்.

அருகிலுள்ள போர்த்தோ சாந்தோ தீவில் நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அங்கே குடியேறச் சென்ற பர்த்தொலொமேயு பெரெஸ்த்ரெலோ சினைமுயல் ஒன்றைக் கூண்டில் எடுத்துச் சென்றார். அது வழியிலேயே குட்டி போட்டது. தாயையும் குட்டிகளையும் தீவில் அவிழ்த்துவிட்டார்கள். முயல்களை வேட்டையாட அங்கே எந்த விலங்கும் இல்லை. மிகச் சில ஆண்டுகளில், விதைத்த எதுவும் மிஞ்சாத அளவுக்கு அவை பெருகி, குடியேறியவர்களையே தீவைவிட்டு வெளியேற வைத்தன. பெரெஸ்த்ரெலோ பின்னர் திரும்பிவந்து அத்தீவின் தலைவரானார். அவருடைய மகள் பிலிப்பாவை மணந்தவர்தான் கொலம்பஸ்.

பொஜடோர் முனையைத் தாண்ட ஏன் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின?

இன்றைய மேற்குச் சகாராவில், ஏறத்தாழ 26 பாகை வட அட்சத்தில் உள்ள முனை அது. அதற்கப்பால் கடல் கொதிக்கிறது, பூதங்கள் விழுங்குகின்றன என்றெல்லாம் மாலுமிகள் நடுங்கியதாகப் பாடநூல்களில் படித்திருப்போம். சுராரா பதிந்துள்ள மாலுமிகளின் வாதமோ நடைமுறை அறிந்தவர்களின் பேச்சாகவே இருக்கிறது. அங்கே மனிதரும் ஊரும் இல்லை. மரமும் புல்லும் நீரும் இல்லாத மணல்வெளி. கரையிலிருந்து ஒரு லீக் தொலைவு போனாலும் ஆழம் ஒரு பாகத்தை (ஏறத்தாழ ஆறடியை) தாண்டாது. நீரோட்டமோ, முனையைக் கடந்த கப்பல் திரும்பவே முடியாத அளவுக்கு வலியது. இவற்றில் பெரும்பகுதி உண்மை. ஆழங்குறைந்த கடல், பாலைவனத் தூசி கலந்த மூடுபனி, தெற்கு நோக்கியே தள்ளும் காற்றும் நீரோட்டமும் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில், போவதைவிடத் திரும்புவதே கடினம்.

பன்னிரண்டு ஆண்டுகளில் பதினைந்து முறை கப்பல்கள் அனுப்பப்பட்டன என்பர். போனவர்கள் கரைவழியில் கொள்ளையடித்து அதைக் காட்டிச் சமாளித்தார்கள் என்று சுராரா எழுதுகிறார். 1433-இல் போன, இளவரசரின் பரிவாரத்தவரான ஜில் எயானெஸும் கனாரித் தீவுகள் வரை சென்று, சிலரைச் சிறைபிடித்துக்கொண்டு திரும்பினார். அடுத்த ஆண்டு இளவரசர் அவரைத் தனியே அழைத்துப் பேசினார். பிளாண்டர்ஸுக்குப் போய்வருவதைத் தவிர வேறறியாத, திசைகாட்டியும் வரைபடமும் பயன்படுத்தத் தெரியாத நாலு மாலுமிகளின் கருத்தைக் கேட்டுக்கொண்டு வந்து நிற்பதாகக் கடிந்துகொண்டவர், பரிசு பெரிது என்றும் ஆசை காட்டினார். 1434-இல் எயானெஸ் முனையைக் கடந்து தெற்கே இறங்கினார். ஆள் நடமாட்டமே இல்லை. வந்ததற்குச் சான்றாக, போர்த்துக்கல்லில் ‘புனித மரியாவின் ரோஜா’ எனப்படும் செடிகளைப் பறித்து ஒரு சிறு பீப்பாயில் போட்டுக் கொண்டுவந்து இளவரசரிடம் கொடுத்தார்.

அவர் கடந்தது பொஜடோரா, சற்று வடக்கேயுள்ள ஜுபி முனையா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே உண்டு. எதுவாயினும் தடை உடைந்தது. மறு ஆண்டே எயானெஸும் பால்டாயாவும் இன்னும் தெற்கே போய், மணலில் மனிதரின் காலடித் தடங்களையும் ஒட்டகத் தடங்களையும் கண்டார்கள்.

ஹென்றி என்ற புரவலரின் இயல்பு வேறெதையும்விட இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தெளிவாகத் தெரிகிறது என்பது என் கருத்து. ஆதாயமில்லாத ஒரு முயற்சிக்குப் பதினான்கு முறை பணம் போட்டுத் தோற்றபின், பதினைந்தாம் முறையும் போட வணிகர் எவரும் முன்வர மாட்டார். சபை வருவாயும் பிடிவாதமும் கொண்ட இளவரசருக்கே அது இயலும்.

காரவெல் கப்பலை உருவாக்கியவர் அவர்தானா?

அல்லர். காரவெல் என்ற பெயர் போர்த்துக்கீச மீன்பிடிக் கலங்களுக்கு அதற்கு முன்பே வழங்கியது. எயானெஸ் பொஜடோரைத் தாண்டியதும் காரவெலில் அன்று. ஒற்றைப் பாய்மரம் கொண்ட ‘பார்க்கா’ என்ற சிறு கலத்தில்தான். 1440-களில்தான் ஆப்பிரிக்கப் பயணங்களுக்குக் காரவெல் வழக்கமான கலமாயிற்று. முக்கோண வடிவப் பாய்கள் இருந்ததால் எதிர்க்காற்றிலும் குறுக்கும் நெடுக்குமாக முன்னேற முடிந்தது. அடிப்பகுதி ஆழங்குறைந்ததால் ஆற்று முகத்துவாரங்களுக்குள் நுழைய முடிந்தது.

எதிர்க்காற்றில் எப்படித் திரும்பிவந்தார்கள்?

நம் பக்கத்துக் கடலில் பருவக்காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறும். போக ஒரு காற்று, வர ஒரு காற்று என்று காத்திருந்து பயணம் செய்யலாம். மொரோக்கோவுக்குத் தெற்கேயுள்ள அட்லாண்டிக் கரையில் அந்த வசதி கிடையாது. அங்கே ஆண்டின் பெரும்பகுதியும் வடகிழக்கிலிருந்தே காற்று வீசுகிறது. கனாரி நீரோட்டமும் தெற்கேதான் ஓடுகிறது. எவ்வளவு காத்திருந்தாலும் திரும்பும் காற்று வாராது.

ஆகவே கரையை ஒட்டித் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டு, காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு வடமேற்காகத் திறந்த கடலுக்குள் பல நாள் ஓடி, அட்லாண்டிக் நடுவிலுள்ள அசோர்ஸ் தீவுகளின் அட்சத்தை நெருங்கியதும் மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்து வீடு சேரும் வழியைக் கற்றார்கள். வீட்டுக்கு வருவதற்காக வீட்டிலிருந்து விலகிப் போக வேண்டும். ‘வோல்த்தா’, அதாவது ‘வளைந்து திரும்புதல்’, என்று அழைக்கப்பட்ட இந்த வழி எவர் ஒருவரின் கண்டுபிடிப்பும் அன்று. ஆண்டுதோறும் கப்பல்கள் போய்வந்துகொண்டே இருந்ததால் மாலுமிகளின் கையில் சேர்ந்த அறிவு அது. 1430-களில் அசோர்ஸ் தீவுகள் கைக்கு வந்ததும், 1439 முதல் அங்கே குடியேற்றம் நடந்ததும் இதற்குத் துணையாயின.

கரை கண்ணில் படாத பயணத்தில், எவ்வளவு வடக்கே வந்துவிட்டோம் என்பதைத் துருவ நட்சத்திரத்தின் உயரத்தைக் கொண்டு கணித்தார்கள். ஹென்றியிடம் பணிபுரிந்த டியோகோ கோமெஸ், தாம் கால்வட்டக் கருவியால் துருவ உயரத்தை அளந்ததைக் குறிப்பிட்டிருக்கிறார்.

சாக்ரெஸில் அவர் கடற்பயணப் பள்ளி நடத்தினாரா?

வானியலாரும் வரைபடக்காரர்களும் கப்பல் கட்டுநரும் ஒரே கூரையின்கீழ் பாடம் நடத்திய பள்ளி என்பது பிற்காலத்தவர் கட்டிய மாளிகை. அவர் காலத்து ஆவணங்களில் அப்படி ஒரு நிறுவனம் இல்லை. சாக்ரெஸ் அருகே இளவரசர் ஒரு சிற்றூரை நிறுவத் தொடங்கியது உண்மை. ஆனால் அதற்கான நிலம் 1443-இல்தான் கொடுக்கப்பட்டது. கப்பல்கள் பெரும்பாலும் புறப்பட்டது கிழக்கேயுள்ள லாகோஸ் துறைமுகத்திலிருந்து (நைஜீரியாவின் லாகோஸ் அன்று). 1921-இல் சாக்ரெஸ் கோட்டைக்குள் வெளிப்பட்ட, ஏறத்தாழ 43 மீட்டர் விட்டமுள்ள கல்வட்டத்தை அவருடைய மாபெரும் திசைவட்டம் என்று சுற்றுலா வழிகாட்டிகள் காட்டுவதுண்டு. அதன் காலமும் பயனும் உறுதிப்படவில்லை.

அவர் கற்றவர்களை வரவழைத்தார் என்பதில் ஐயமில்லை. மயோர்க்காவிலிருந்து ஜாக்கொமே என்ற வரைபடக் கலைஞர் வந்ததாகப் பழைய போர்த்துக்கீச நூல்கள் கூறுகின்றன. 1431-இல் லிஸ்பன் பல்கலைக்கழகத்துக்கு ஹென்றி கட்டடங்களை வழங்கினார். ஆனால் மாலுமிகள் படித்த பள்ளி கப்பலின் மேல்தளமே.

அடிமை வணிகத்தில் அவருக்கு என்ன பங்கு?

நேரடியான பங்கு. இதைத் தவிர்த்துவிட்டு அவரைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

1441-இல் அந்தாவ் கொன்சால்வெஸும் நூனோ திரிஸ்தாவும் சகாராக் கரையில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மறு ஆண்டு அவர்களில் சிலரைத் திருப்பிக் கொடுத்து, ஈடாகக் கறுப்பின மக்களையும் சிறிது பொன் தூளையும் பெற்றார்கள். அதுவரை வீண்செலவு என்று பழித்தவர்களே அதன்பின் உரிமம் கேட்டு வந்து நின்றார்கள் என்று சுராராவே எழுதுகிறார்.

1444 ஆகஸ்ட் 8 அன்று லான்சரோத்தே என்பவர் தலைமையில் சென்ற கப்பல்கள் பிடித்துவந்த 235 பேர், லாகோஸ் ஊருக்கு வெளியே ஒரு வெளியில் இறக்கப்பட்டுப் பங்கிடப்பட்டார்கள். பங்குகள் சமமாக இருக்கவேண்டும் என்பதற்காகத் தந்தையை மகனிடமிருந்தும், கணவனை மனைவியிடமிருந்தும் பிரித்தார்கள். தாய்மார் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, அடிகளைத் தம் உடலில் தாங்கித் தரையில் கிடந்தார்கள். இளவரசர் ஒரு வலிய குதிரைமேல் அமர்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குரிய ஐந்தில் ஒரு பங்கு 46 பேர். அவர்களை உடனே தம்மைச் சார்ந்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். இவர்களின் ஆன்மாக்கள் மீட்கப்பட்டதே அவருடைய மகிழ்ச்சி என்று சுராரா அதற்கு விளக்கமும் தருகிறார். ஆனால் அதே சுராரா, அந்தக் காட்சியைக் கண்டு தம் கண்ணீரை அடக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். இளவரசரைப் புகழ்வதற்கென்றே எழுதப்பட்ட நூலில் இந்தப் பக்கங்கள் எஞ்சி நிற்கின்றன. 1448 வரை கொண்டுவரப்பட்டவர்கள் 927 பேர் என்பது அவர் தரும் கணக்கு.

அதே ஆண்டையொட்டி வன்முறை வேட்டை குறைந்து, பேரம் பேசி வாங்கும் முறை வலுத்தது. காரணம் இரக்கம் அன்று. தெற்கே இருந்த மக்கள் நச்சு அம்புகளால் திருப்பித் தாக்கினார்கள். 1446-இல் நூனோ திரிஸ்தாவும் அவருடைய ஆட்களில் பெரும்பாலோரும் அப்படித்தான் இறந்தார்கள். இன்றைய மொரித்தானியாவிலுள்ள ஆர்கின் தீவில் வணிகக் கிடங்கும் கோட்டையும் எழுந்தன. ஐந்தாம் நிக்கோலஸ் என்ற போப்பாண்டவர் 1455-இல் வெளியிட்ட ஆணை, இந்தக் கரைகளைப் பிடிக்கவும் மக்களை அடிமைப்படுத்தவும் போர்த்துக்கல்லுக்கு ஒப்புதல் அளித்தது. அந்த ஆணையின் அடிப்படையில் வளர்ந்த ‘கண்டுபிடிப்புக் கோட்பாட்டை’ வத்திக்கான் வெளிப்படையாக மறுத்தது 2023 மார்ச் மாதத்தில்தான்.

தம்பி பெர்னாண்டோவை அவர் கைவிட்டார் என்பது உண்மையா?

1437-இல் ஹென்றியின் தலைமையில் மொரோக்கோவின் தாஞ்சியர் நகரைத் தாக்கிய படை, தானே முற்றுகைக்குள் சிக்கியது. செயூத்தாவைத் திருப்பித் தருவதாக வாக்களித்து, பிணையாக இளைய தம்பி பெர்னாண்டோவை விட்டுவிட்டுப் படை மீண்டது. நாடு திரும்பியபின் செயூத்தாவைக் கொடுக்க நாட்டின் பேரவை உடன்படவில்லை. ஹென்றியும் கொடுக்கக்கூடாது என்ற பக்கமே நின்றார். மனமுடைந்த அரசர் துவார்த்தே 1438-இல் கொள்ளைநோயில் இறந்தார். பெர்னாண்டோ 1443-இல் பெஸ் நகரச் சிறையில் உயிர்விட்டார். 1449-இல் அண்ணன் பேத்ரோவுக்கும் இளம் அரசருக்கும் போர் மூண்டபோதும் ஹென்றி அரசர் பக்கமே இருந்தார். பேத்ரோ போர்க்களத்தில் மாண்டார். கடலில் அவர் காட்டிய பொறுமை குடும்பத்துக்கு வாய்க்கவில்லை.

அவர் காலத்தில் எவ்வளவு தூரம் போனார்கள்? இந்தியாதான் இலக்கா?

1444-ஐ ஒட்டித் தினிஸ் டியாஸ் பசுமையான வெர்தே முனையை அடைந்தார். 1455-இலும் அடுத்த ஆண்டிலும் வெனிஸைச் சேர்ந்த கடமோஸ்தோ இளவரசரின் உரிமத்தோடு காம்பியா ஆறுவரை போனார். அங்கே துருவ நட்சத்திரம் கடல்மட்டத்துக்குச் சற்று மேலே, ஓர் ஈட்டியின் உயரத்தில் தெரிந்ததாகவும், தெற்கே சிலுவை போன்ற ஒளிமிக்க விண்மீன் கூட்டத்தைக் கண்டதாகவும் அவர் வியந்து எழுதினார். காம்பியாவின் அட்சம் ஏறக்குறையச் சென்னையின் அட்சம்; நமக்குப் பழகிய வானம்தான் அவருக்குப் புதுமை. ஹென்றி இறந்த காலத்தையொட்டிக் கப்பல்கள் சியரா லியோனை எட்டியிருந்தன. அது கன்னியாகுமரியின் அட்சத்தை ஒட்டியது. பொஜடோரிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர்.

இந்தியாவைத் திட்டமிட்டே அவர் தொடங்கினார் என்பது பின்னாலிருந்து பார்ப்பவர்களின் கணக்கு. 1455-ஆம் ஆண்டின் ஆணையில் ‘கிறிஸ்துவை வழிபடும் இந்தியர்’ பற்றிய பேச்சு உண்டு. ஆனால் அன்று ‘இந்தியா’ என்ற சொல் எத்தியோப்பியாவையும் சேர்த்துக்கொண்ட தளர்ந்த சொல். அவர் தேடியவை தங்கம், அடிமைகள், கிறிஸ்தவக் கூட்டாளி. ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியாவுக்கு வரும் திட்டம் இரண்டாம் ஜுவா அரசரின் காலத்தில்தான் உருப்பெற்றது. 1488-இல் பர்த்தொலொமேயு டியாஸ் தென்முனையைச் சுற்றினார். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோடு வந்தார். அதன் தொடர்ச்சியாக முத்துக்குளித்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் போர்த்துக்கீசியர் வந்ததும், சாவியும் அலமாரியும் ஜன்னலும் நம் பேச்சில் நுழைந்ததும் வேறு கதை.

அகன்ற கறுப்புத் தொப்பி அணிந்த அந்த முகம் அவருடையதா?

லிஸ்பனின் தேஜோ ஆற்றங்கரையில், அவர் இறந்த ஐந்நூறாம் ஆண்டான 1960-இல் கல்லில் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தின் முனையில், கையில் காரவெலோடு நிற்கும் உருவம் உட்படப் பெரும்பாலான சித்தரிப்புகள் ஒரே முகத்தைப் பின்பற்றியவை. சுராராவின் நூலுக்கு பாரிஸில் கிடைத்த கையெழுத்துப் பிரதியின் முகப்போவியத்தில் அந்தத் தொப்பி மனிதர் இருக்கிறார்; கீழே இளவரசரின் பிரெஞ்சுக் குறிக்கோள் வாசகம் உள்ளது. நூனோ கொன்சால்வெஸ் வரைந்ததாகக் கருதப்படும் புனித வின்சென்ட் பலகை ஓவியத்திலும் அதே முகம் உண்டு. ஆனால் அந்த முகப்போவியம் நூலுக்குப் பிறகு சேர்க்கப்பட்டிருக்கலாம் என்றும், தொப்பி மனிதர் அவருடைய அண்ணன் துவார்த்தே ஆகலாம் என்றும் கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். லாகோஸில் முதலில் புதைக்கப்பட்ட ஹென்றியின் உடல் பின்னர் பத்தால்யா மடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே பெற்றோருக்கு அருகில், சுவரை ஒட்டிய கல்லறைகளின் வரிசையில் அவருடையதும், பெஸ் சிறையில் இறந்த பெர்னாண்டோவுடையதும் இருக்கின்றன.